மலையில் கான்கிரீட் ஏன் சீக்கிரம் தளர்கிறது? – வாசகர் கேள்வி பதில்

மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த மாதங்களில் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வருகின்றன. எல்லாமே வெட்டவெளியில் கிடக்கும் கான்கிரீட்டைப் பற்றியவை: முற்றம், சன்ஷேடு, தடுப்புச் சுவர், தொட்டி, களம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பனியையோ சிமென்ட்டையோ குறை சொல்கிறார்கள். எங்கள் கணிப்பில் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. கலக்கும்போது எவ்வளவு ஊற்றினார்கள், இப்போது எங்கே தேங்குகிறது, எந்த வழியாக உள்ளே போகிறது? இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

வீட்டு முற்றத்தில் இரண்டு வருடத்துக்கு முன் 4 இஞ்ச் கான்கிரீட் போட்டோம். போன ஜனவரி உறைபனிக்குப் பிறகு மேல்தோல் சில்லு சில்லாக உரிகிறது. பனிதான் காரணமா? மேலே சிமென்ட் பூசினால் நிற்குமா?
– வாசகர், உதகை

பனி கடைசியாக ஒரு தள்ளு தள்ளியிருக்கும். உரிவதற்கான வேலை தளம் போட்ட அன்றே நடந்து முடிந்துவிட்டது.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். துளைகள் நிறைய நீர் நிரம்பியிருந்தால்தான் அந்தப் பெருக்கம் கான்கிரீட்டை உடைக்கும். தலைகுந்தா, காந்தல் மாதிரித் தாழ்வான திறந்த இடங்களில், காற்றடிக்காத தெளிந்த இரவுகளில் படியும் உறைபனி காலை வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. வடநாட்டு மலைகளைப் போல மண்ணுக்குள் ஆழமாக இறங்கி வாரக்கணக்கில் உறைந்து கிடப்பதில்லை. நெருக்கமாக அமைந்த கான்கிரீட்டை இந்த அளவுப் பனி ஒன்றும் செய்யாது. மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வலுவில்லாத சிமென்ட் பால் படலம் இருந்தால் அதை மட்டும் கிளப்பிவிடும்.

அந்தப் படலம் எப்படி வருகிறது? கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் பார்த்ததும் ஜல்லியும் மணலும் கீழே இறங்க, தண்ணீர் மேலே கசிந்து நிற்கும். சமவெளியில் சிமென்ட் சீக்கிரம் இறுகுவதால் அது கொஞ்ச நேரத்தில் அடங்கும். உதகைக் குளிரில் இறுகுவது தாமதமாகிறது, கசிவு மணிக்கணக்கில் நீள்கிறது. பொழுது சாய்கிறதே என்ற அவசரத்தில் நீரை உறிஞ்சட்டும் என்று வெறும் சிமென்ட்டைத் தூவி, இரும்புக் கரண்டியால் வழவழவென்று தேய்த்துவிடுகிறார்கள். மேலே பளபளப்பான தோல், அதற்குக் கீழே சிறைப்பட்ட நீர். பார்வைக்கு அழகான தளம்தான், ஆனால் முதலில் உரிவதும் அதுதான்.

ஒரு சாவியை எடுத்து, உரிந்த இடத்தின் அடியிலும் உரியாத இடத்தின் மேலும் அழுத்திக் கீறிப் பாருங்கள். அடியில் ஜல்லி கெட்டியாகப் பிடித்திருந்து, மேல்தோலில் மட்டும் மாவாக உதிர்ந்தால் தளம் பிழைத்தது. அடியிலும் மணல் உதிர்ந்தால் கலவையிலேயே தண்ணீர் அதிகம், உடைத்துப் போடுவதுதான் செலவு குறைவு.

தளம் பிழைத்தது என்றால் அதன்மேல் வெறும் சிமென்ட் பூச்சு வேண்டாம், அடுத்த மழைக்குள் கழன்றுவிடும். கிரைண்டரில் கப் வீல் மாட்டி மேல்தோலை முழுதும் தேய்த்தெடுத்து, ஜல்லி தெரியும்வரை கொண்டுவாருங்கள். தூசியைக் கழுவி, முந்தின இரவு முழுக்க நனைத்து, காலையில் நீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் எஸ்.பி.ஆர். லேடெக்ஸும் (பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்) சிமென்ட்டும் கலந்த பசையைப் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் சிப்ஸ் ஜல்லி கலந்த 40 மி.மீ. கான்கிரீட்டைப் போடுங்கள். வாசலில் 40 மி.மீ. உயரம் கூடினால் மழைநீர் வீட்டுக்குள் திரும்பும் என்றால், ரெடிமேட் பாலிமர் கலவை 6 முதல் 10 மி.மீ. போதும். பழைய தளத்தில் விரிசல் இருக்கும் இடத்தில் மேல்தளத்திலும் வெட்டு விட மறக்காதீர்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு: இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 (2000), கடும் மழை, மாறி மாறி நனைந்து காய்தல், நனைந்த நிலையில் எப்போதாவது உறைதல் ஆகியவற்றுக்கு ஆட்படும் கான்கிரீட்டைக் 'கடும்' வகையில் வைக்கிறது. நம் மலைக்கு எழுதி வைத்தது போலவே இருக்கும் வரி அது. அந்த வகையில் கம்பி இல்லாத தளத்துக்குக் குறைந்தது எம் 20 (எம் என்பது வலிமைத் தரம், எண் கூடினால் வலு கூடும்), நீர்-சிமென்ட் விகிதம் அதிகபட்சம் 0.50. கம்பி உள்ளதற்கு எம் 30, விகிதம் அதிகபட்சம் 0.45, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், கம்பிக்கு மேல் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், 45 மி.மீ. கொத்தனார் கணக்கில் சொன்னால் 50 கிலோ மூட்டைக்கு முன்னதில் 25 லிட்டர், பின்னதில் 22½ லிட்டர் தண்ணீர். இதில் மணலின் ஈரமும் அடக்கம். மழையில் நனைந்த எம்-சாண்டில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், மூட்டைக்கு விழும் 75 கிலோ மணலிலேயே ஏறக்குறைய 4 லிட்டர் ஒளிந்திருக்கும். குடம் குடமாக ஊற்றுவதை நிறுத்தி, அளவுக் கோடு போட்ட வாளி ஒன்றைக் கலவை மெஷின் பக்கத்தில் வையுங்கள். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று கொத்தனார் சொன்னால் தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம், தண்ணீர் கூடாது.

காலை வெயில் வந்தபின் தொடங்கி மதியத்துக்குள் கொட்டி முடியுங்கள். மேலே கசிந்த நீர் தானாக அடங்கும்வரை கரண்டி படக்கூடாது. பிறகு மணியாஸ் கட்டையால் தேய்த்து, தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு. இரவில் நனைந்த சாக்கு, அதன்மேல் தார்ப்பாய். முதல் இரண்டு இரவும் கான்கிரீட் 5 டிகிரிக்குக் கீழே போகாமல் காப்பது முக்கியம். உறைபனி விழும் வாரங்களில் தள வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

25 வருடப் பழைய வீடு. சன்ஷேடின் அடியிலிருந்து கான்கிரீட் துண்டு துண்டாக விழுகிறது, கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. இருமுறை சிமென்ட் பூசியும் அதே இடத்தின் பக்கத்தில் மறுபடி விழுகிறது.
– வாசகர், குன்னூர்

பூச்சை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றைப் பாருங்கள். அடியில் தெரியும் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது? சுவரிலிருந்து வெளியே நீள்கிறதா, சுவருக்கு இணையாக ஓடுகிறதா?

சன்ஷேடு சுவரில் மட்டும் பிடிமானம் உள்ள பலகை. அதன் மேல்புறம் இழுபடும், அடிப்புறம் அழுந்தும். ஆகவே சுவரிலிருந்து வெளியே நீளும் முதன்மைக் கம்பிகள் மேல்புறத்தில்தான் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது கம்பி மேல் ஏறி மிதித்தால் அவை அடியில் போய்ப் படுத்துவிடும். அடியில் துருப்பிடித்துத் தெரிபவை அந்த முதன்மைக் கம்பிகள் என்றால், உங்கள் சன்ஷேடுக்கு மேல்புறத்தில் வலுவே இல்லை. எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. கீழே யாரும் நிற்காதபடி தடுத்து, முட்டுக் கொடுத்து, பொறியாளர் ஒருவரைக் காட்டி இடித்துப் புதிதாக வார்ப்பதுதான் சரி. பெயின்ட் அடிக்கக்கூட யாரையும் அதன்மேல் ஏற்றாதீர்கள்.

கம்பிகள் சரியான இடத்தில் இருந்து, தெரிபவை சுவருக்கு இணையான குறுக்குக் கம்பிகள் மட்டும் என்றால் ரிப்பேர் செய்யலாம். ஏன் துருப்பிடித்தது என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் மூன்றாம் முறை விழாது.

புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகி, ஈரமிருந்தாலும் துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடா வருடம் உள்ளே ஊறி, சிமென்ட்டின் சுண்ணத்தைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகிறது. மாறிய பகுதியில் பி.எச். 9-க்குக் கீழே இறங்கும். அந்த எல்லை கம்பியைத் தொட்டதும் காப்பு போய்விடும். அதன்பின் ஈரமும் காற்றும் கிடைத்தால் துருதான். துரு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கலில்தான் கவர் பிளந்து விழுகிறது. குன்னூரில் காலையில் மூடுபனி, மதியம் வெயில், மாலையில் தூறல் என்று நனைந்து காய்ந்து நனைகிற தட்பவெப்பம் இருக்கிறதே, காய்ந்த நேரத்தில் வாயு உள்ளே போகவும், நனைந்த நேரத்தில் துருப்பிடிக்கவும் அது தோதானது.

இந்த எல்லை நகர்வது காலத்தின் வர்க்கமூலக் கணக்கில். முதல் 10 வருடத்தில் 10 மி.மீ. போனால் 20 மி.மீ. போக 40 வருடம் ஆகும். அதாவது கவரை இரட்டிப்பாக்கினால் ஆயுள் நான்கு மடங்கு. கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகிச் சமாளிக்கும் இடங்களில் என்ன இழக்கிறோம் என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லிவிடும்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பயன்படுத்தும் பினாஃப்தலீன் ஒரு கிராமை 100 மி.லி. நீர் கலந்த ஸ்பிரிட்டில் கரைத்து, சின்ன ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். விழாமல் நிற்கும் இடத்தில் உளியால் புதிதாக ஒரு சில்லு எடுத்து, தூசியை ஊதிவிட்டு, அந்தப் புது முகத்தில் தெளியுங்கள். காரம் உள்ள உட்பகுதி சில நொடியில் கருஞ்சிவப்பு ரோஜா நிறமாகும். வெளிவிளிம்பில் நிறமே ஏறாத சாம்பல் பட்டை ஒன்று நிற்கும். அதை ஸ்கேலால் அளங்கள். கம்பி ரோஜாப் பகுதிக்குள் இருந்தால் அந்த இடம் இன்னும் பத்திரம். சாம்பல் பட்டை கம்பியைத் தாண்டியிருந்தால் விழாத பகுதியும் விழக் காத்திருக்கிறது, முழு நீளத்துக்கும் ரிப்பேர் வேண்டும். நீங்கள் பூசிய இடத்தின் பக்கத்திலேயே மறுபடி விழுவதற்கும் இதுதான் காரணம். புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பி காப்பு பெற, அதை ஒட்டியுள்ள பழைய பகுதிக் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது.

ரிப்பேர் முறை இது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், 'டொப்' என்று வெற்றொலி வரும் இடங்களைச் சாக்பீஸால் வளையுங்கள். அந்த எல்லையைக் கிரைண்டரில் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். ஓரம் மெல்லியதாக முடிந்தால் அங்கிருந்துதான் கிளம்பும். உளியால் கொத்தி, துருவில்லாத கம்பி தெரிந்த பிறகும் இரண்டு பக்கமும் 50 மி.மீ. கூடுதலாகப் போங்கள். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைய 20 மி.மீ. இடைவெளி வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்: கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் பின்பக்கத் துரு வேலையைத் தொடரும். பவர் பிரஷ்ஷால் கம்பியைச் சுற்றிலும் பளிச்சென்று ஆக்கி, வெர்னியரால் அளவெடுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் வெட்டுப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் 400 மி.மீ. மேலேறும்படி புதுக் கம்பி கட்டுங்கள்.

அன்றைக்கே கம்பிக்கு ஜிங்க் பிரைமர் இரண்டு கோட். பழைய கான்கிரீட்டை நனைத்து, லேடெக்ஸ்-சிமென்ட் பசை தேய்த்து, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவையை அழுத்துங்கள். 5 கிலோ சிமென்ட், 15 கிலோ சலித்த மணல், 1 லிட்டர் எஸ்.பி.ஆர்., ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். தலைக்கு மேல் பூசுவதால் ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம், அது இறுகியபின் கீறிவிட்டு அடுத்தது. ஒரு நாள் ஈரச் சாக்கு, அப்புறம் நிழலில் காயவிடுங்கள். லேடெக்ஸ் கலந்த பூச்சு காய்ந்துதான் பலப்படும், ஏழு நாள் தண்ணீர் அடிக்கத் தேவையில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் சன்ஷேடு விளிம்பைக் கீழேயிருந்து கவனியுங்கள். சொட்டு விளிம்பில் நிற்காமல், அடிப்புறமாக ஊர்ந்து சுவர்வரை போகும். வெளி விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே ஒரு காடி (நீளப் பள்ளம்) இருந்தால் அங்கேயே அறுந்து கீழே விழும். மெல்லிய பழைய சன்ஷேடில் காடி வெட்டினால் கவர் குறைந்துபோகும், ஆகவே பி.வி.சி. அல்லது அலுமினியப் பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். மேல்புறம் வெளிநோக்கிச் சரிவாக இருக்கட்டும், சுவர் சேரும் மூலையை உருட்டிப் பூசுங்கள். புதிதாக வார்ப்பதாக இருந்தால் சுவரோரத் தடிமன் 100 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 75 மி.மீ. பலகைக்குள் கம்பியையும் கேட்கும் கவரையும் சேர்த்து வைக்க இடமே கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் உயர கான்கிரீட் தடுப்புச் சுவர். வெள்ளை வெள்ளையாக வழிந்து உறைந்திருக்கிறது. நடுவில் கொஞ்சம் உப்பியது போலவும் தெரிகிறது. வெள்ளையை எப்படி எடுப்பது?
– வாசகர், கோத்தகிரி

வெள்ளையை விடுங்கள். அது சிமென்ட்டின் சுண்ணம் நீரில் கரைந்து வெளியே வந்து காற்றுப் பட்டு உறைந்தது. சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, வழி இல்லாமல் விரிசல் வழியாக வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நாங்கள் கவலைப்படுவது உப்பலைப் பற்றி.

3 மீட்டர் சுவருக்குப் பின்னால் நீர் மேல்மட்டம்வரை நிரம்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நீரின் தள்ளுதல் மட்டும் 4½ டன். வடிந்த மண் தள்ளுவது ஏறக்குறைய 2¾ டன்தான். மண்ணுக்காகக் கட்டிய சுவரிடம் இரண்டையும் தாங்கச் சொன்னால் எப்படி? 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் நடந்த மண்சரிவுகளை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுவர் உச்சியிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, மூன்று உயரத்தில் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். விரிசல் முனைகளில் பென்சிலால் கோடும் தேதியும் போடுங்கள். ஒரு மழைக்காலத்தில் அளவு மாறினால் அல்லது சுவருக்கு மேலே மண்ணில் சுவருக்கு இணையாகப் பிளவு தெரிந்தால், அது பொறியாளர் உடனே பார்க்க வேண்டிய நிலை. கனமழை நாட்களில் அந்தப் பக்க அறையில் படுக்காதீர்கள்.

அளவு மாறவில்லை என்றால் வடிகாலைச் சரிசெய்யுங்கள். நீர் வடியும் துளைகள் 75 முதல் 100 மி.மீ. குழாயில், 1 முதல் 1½ மீட்டருக்கு ஒன்றாக, ஒரு வரிசைக்கு அடுத்தது மாறி அமைந்து, வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இருக்கும் துளைகளைக் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் வேரும் செம்மண்ணும் அடைத்திருக்கும். துளையே இல்லாத சுவரில் கோடையில் கோர் கட்டர் வைத்துத் துளைத்து, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை ஜியோ டெக்ஸ்டைல் துணி சுற்றிச் செருகலாம். துணி இல்லாவிட்டால் துளை வழியாக மண்ணே வெளியேறி, மேலே பள்ளம் விழும். புதிய சுவர் என்றால் பின்னால் 300 மி.மீ. அகலத்துக்கு ஜல்லி நிரப்புவதில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

சுவருக்கு மேலே சிமென்ட் பூசிய ஓடை ஒன்று வெட்டி, கூரை நீரையும் குளியலறை நீரையும் அதில் விட்டு வெளியே கொண்டுபோங்கள். மேலே செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி இருந்தால் அதை இடம் மாற்றியே ஆக வேண்டும்.

காட்டேஜ் நடைபாதை கருத்து, பாசி பிடித்து வழுக்குகிறது. ஆசிட் ஊற்றிக் கழுவினோம், ஆறு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது.
– வாசகர், கொடைக்கானல்

ஆசிட்தான் பாசிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. அது பாசியைவிடச் சிமென்ட்டை அதிகம் தின்னும். மேல்பரப்பு சொரசொரப்பாகி, துளைகள் திறந்து, ஈரம் நெடுநேரம் தங்கும். பிரஷர் வாஷரை நெருக்கத்தில் பிடித்தாலும் இதே கதிதான். விசிறி முனை போட்டு ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள்.

கருப்பு என்பது அழுக்கு அல்ல, அதுவும் உயிருள்ள நுண்பாசி. ஆகவே கொல்ல வேண்டும், சுரண்டினால் போதாது. புது பிளீச்சிங் பவுடர் ஒரு லிட்டருக்கு 30 கிராம் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடுங்கள். மழை வராத, வெயில் சுள்ளென்று இல்லாத நாளில் ஊற்றி, 15, 20 நிமிடம் காயாமல் பார்த்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். இரும்புப் பிரஷ் வேண்டாம், அதன் துகள்கள் தங்கித் துருக்கறை விழும். கம்பி வெளியே தெரியும் கான்கிரீட்டில் பிளீச்சிங் பயன்படுத்தக் கூடாது, குளோரைடு துருவைத் தூண்டும். கழுவிய நீர் மீன் தொட்டிக்கோ ஓடைக்கோ போகாமல் திருப்புங்கள். பிளீச்சிங்கும் ஆசிட்டும் எந்த நிலையிலும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

யூகலிப்டஸ், பைன் இலைகள் ஊறி விழும் பழுப்புக் கறைக்கும் இதே கரைசல் போதும். ஆணி, கேட் வழியாக வரும் துருக்கறைக்கு மட்டும் ஆக்சாலிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம். கையுறை கட்டாயம். பிளீச்சிங் போட்ட அன்று அதைத் தொடாதீர்கள்.

பாசி திரும்பாமலிருக்கப் பாதை காய வேண்டும். மேலே கவிந்த கிளைகளைக் கழியுங்கள், பக்கத்து மண்ணைப் பாதை மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். 50-க்கு 1 சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பாகத் தேய்த்த பாதை என்றால் கட்டரால் நடைக்குக் குறுக்கே 4 மி.மீ. ஆழக் கீறல்கள் போடலாம். பிப்ரவரி, மார்ச்சில் மூன்று நாள் நன்றாகக் காய்ந்தபின் சைலேன்-சைலாக்ஸேன் வகை நீர் விலக்கியை அடிப்பது பலன் தரும், அது துளையை அடைக்காது. பளபளக்கும் சீலர் வேண்டாம், அடியில் ஈரத்தைச் சிறைப்பிடித்து, மேலே இன்னும் வழுக்கும்.

ஊற்றுத் தண்ணீர் நிரப்பும் கான்கிரீட் தொட்டி. உள்ளே இறங்கினால் தரை மணல் தாள் போல உரசுகிறது, ஜல்லி தலை நீட்டுகிறது. நீர் மட்டத்துக்கு மேலே சுவர் புதிது போல இருக்கிறது. தண்ணீர் கெட்டதா?
– வாசகர், பந்தலூர்

தண்ணீர் கெட்டதல்ல, மிக மென்மையானது. மழை அதிகம் பெய்து, சுண்ணாம்புச் சத்து கழுவப்பட்ட, புளிப்பு மண் வழியாக வரும் ஊற்று நீரில் தாது உப்பு மிகக் குறைவு. மண்ணிலிருந்து கரியமில வாயுவும் கரைந்து வருவதால் பி.எச். 7-க்குக் கீழே இருக்கும். அப்படிப்பட்ட நீர் தனக்கில்லாத சுண்ணத்தைச் சிமென்ட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பசை போய் மணலும் ஜல்லியும் மிஞ்சுகின்றன. அந்தத் தண்ணீரில் சேர்வது சுண்ணம்தான், அதனால் குடிக்கக் கெடுதல் இல்லை.

தொட்டியை வற்றவைத்து, நகத்துக்கு மசியும் அடுக்கை எல்லாம் சுரண்டிக் கழுவுங்கள். பள்ளங்களைப் பாலிமர் கலவையால் நிரவி, தரையும் சுவரும் சேரும் மூலையை 50 மி.மீ. உருட்டிப் பூசுங்கள். அதன்மேல், குடிநீருக்கு உகந்தது என்று குறிப்பிட்ட, தூளும் திரவமும் கலந்து பூசும் சிமென்ட் பூச்சு, இரண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்கே, மொத்தம் 2 மி.மீ. ஒரு வாரம் கழித்து நிரப்பி, முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நீர் வந்து விழும் இடத்தில் சின்ன அறை கட்டி, கழுவிய சுண்ணாம்புக்கல் ஜல்லியைப் போட்டு அதன் வழியாக நீரை விட்டால், அது தின்ன வேண்டியதை அங்கேயே தின்றுவிட்டு வரும். ஜல்லி கரையக் கரைய நிரப்ப வேண்டும். புதுத் தொட்டிக்கு அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்து ஆலையிலிருந்து வரும் சிமென்ட்டே மேல், அதில் கரைந்து போகக்கூடிய சுண்ணம் குறைவு.

காபி காயப்போடும் களம் 12 மீட்டருக்கு 9 மீட்டர், ஒரே தளமாகப் போட்டது. முதல் வருடமே குறுக்கும் நெடுக்கும் விரிசல். சிமென்ட் பால் ஊற்றினோம், மறுபடி திறந்துகொண்டது.
– வாசகர், தாண்டிக்குடி

கான்கிரீட் காய்ந்தால் சுருங்கும். எங்கே வெட்டு விடவில்லையோ அங்கே தானே வெட்டிக்கொள்ளும். 100 மி.மீ. தளத்தில் 2½ முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, தடிமனில் கால் பங்கு, அதாவது 25 மி.மீ. ஆழத்துக்கு, மலைக் குளிரில் போட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். கட்டங்கள் சதுரத்துக்குப் பக்கமாக இருப்பது நல்லது. உங்கள் களத்துக்கு 3 மீட்டர் சதுரமாக 12 கட்டம் சரியாக வந்திருக்கும்.

இப்போது அந்த விரிசல்கள்தான் உங்கள் வெட்டுகள். வெயிலுக்கும் குளிருக்கும் அவை அசைவதால் சிமென்ட் பால் நிற்காது. மயிரிழை விரிசலை விட்டுவிடுங்கள். மற்றவற்றை 10 மி.மீ. அகலம், 15 மி.மீ. ஆழத்துக்குத் திறந்து, தூசி எடுத்து, அடியில் நுரைக் கயிறு வைத்து, பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புங்கள். கொட்டை ஒட்டாமலிருக்க நன்றாக இறுகும்வரை காபி பரப்ப வேண்டாம். விரிசலின் இரு பக்கமும் உயரம் மாறியிருந்தால் சீலன்ட் பயன்படாது. அடிமண் இறங்கியிருக்கிறது, அந்தக் கட்டத்தை வெட்டியெடுத்து அடியைத் திமிசு போட்டு இறுக்கி மறுபடி போடுங்கள்.

கூரை போட்டு ஏழு நாளில் சென்ட்ரிங் பிரிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. கீழே பழனியில் அப்படித்தான் செய்வாராம். இங்கே சரியா?
– வாசகர், பூம்பாறை

பழனியில் சரி. 4½ மீட்டர்வரை அகலமுள்ள கூரைக்கு முட்டுகளை ஏழு நாள் வைக்கச் சொல்லும் ஐ.எஸ். 456, அதற்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது: சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், 15 டிகிரிக்குக் கீழே போகாத தட்பவெப்பம். பூம்பாறையில் இரவுகள் அதற்குக் கீழே போகின்றன, கடையில் கிடைக்கும் மூட்டையும் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. இரண்டுமே இறுகுவதைத் தாமதப்படுத்தும். 14 நாளுக்கு முன் முட்டில் கை வைக்க வேண்டாம், குளிர்காலத்தில் 21 நாள். பிரிக்கும்போது நடுவிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். சன்ஷேடு, பால்கனி போன்றவற்றில் வெளி முனையிலிருந்து சுவரை நோக்கி. தண்ணீர் கட்டுவதும் இங்கே குறைந்தது 10 நாள். குளிராக இருக்கிறது, காயவே இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள், மலைக் காற்று கூரை முகட்டை மதியத்துக்குள் உலர்த்திவிடும். மூட்டை வாங்கும்போது தயாரித்த வாரத்தைப் படித்துப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியது, ஈரக் காற்றில் கட்டி விழுந்தது எதையும் கூரைக்குப் போடாதீர்கள்.